நான்கு பக்கம் அளந்தால் போதாது: மனையின் பரப்பைச் சூத்திரத்தால் கணக்கிடும் முறை

கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஒரு மனையின் அளவு பெரும்பாலும் இப்படி எழுதப்பட்டிருக்கும்: கிழமேல் வடபுறம் ஜாதியடி 40, தென்புறம் ஜாதியடி 50, தென்வடல் கீழ்புறம் ஜாதியடி 60, மேல்புறம் ஜாதியடி 58. (ஜாதியடி என்பது பத்திர வழக்கில் அடி; கீழ்புறம் கிழக்கு, மேல்புறம் மேற்கு.) இந்த நான்கு எண்களைக் கொண்டே மனை எத்தனை சென்ட் என்று சொல்லிவிடலாம் எனப் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் இந்த நான்கு எண்களால் எந்தப் பரப்பும் உறுதியாவதில்லை. ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும். மூலைக்கு மூலை எடுக்கும் குறுக்களவான மூலைவிட்டம்தான் அது. அதை எப்படி எடுப்பது, எடுத்தபின் எந்தச் சூத்திரத்தில் எந்த வரிசையில் இடுவது, விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது ஆகியவற்றை மேலே சொன்ன அளவுகளைக் கொண்டே படிப்படியாகப் பார்ப்போம்.

1. நான்கு பக்கம் ஏன் போதாது

நான்கு மரச்சட்டங்களை முனைகளில் ஒவ்வோர் ஆணியால் இணைத்து ஒரு சட்டகம் செய்தால், அதை ஒரு பக்கம் அழுத்திச் சாய்க்க முடியும். சட்டங்களின் நீளம் மாறுவதில்லை. ஆனால் உள்ளே அடைபடும் இடம் குறைந்துகொண்டே போகும். மனையும் அத்தகையதே.

நான்கு பக்கமும் 50 அடி உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைகள் மட்டமாக, அதாவது செங்கோணமாக, இருந்தால் பரப்பு 2,500 சதுர அடி. சற்றே சாய்ந்து, ஒரு மூலைவிட்டம் 80 அடியாக இருந்தால் 2,400 சதுர அடி. மேலும் சாய்ந்து, மூலைவிட்டம் 96 அடியானால் 1,344 சதுர அடிதான். மூன்று மனைகளுக்கும் பத்திரத்தில் ஒரே நான்கு எண்கள்தாம் எழுதப்படும்.

முக்கோணம் இப்படிச் சாய்வதில்லை. மூன்று பக்கம் தெரிந்தால் அதன் உருவமும் பரப்பும் உறுதியாகிவிடுகின்றன. ஆகவே, எந்த மனையையும் முக்கோணங்களாகப் பிரிப்பதே இந்த வேலையின் அடிப்படை.

2. முன்கூட்டியே வேண்டியவை

100 அடி டேப் ஒன்று, மூலைகளில் அடிக்க முளைக்குச்சிகள், நேர்கோடு பிடிக்க நூல்கயிறு, ஒரு தூக்குக்குண்டு, கோடு போடாத தாள், வர்க்கமூலப் பொத்தான் உள்ள கால்குலேட்டர். டேப்பைப் பிடிக்க இருவரும், எழுத ஒருவருமாக மூன்று பேர் இருப்பது நல்லது. டேப்பைப் பிடித்திருப்பவரே எழுதவும் முற்பட்டால், பார்த்த எண்ணுக்கும் எழுதிய எண்ணுக்கும் இடையில் தவறு நுழைகிறது.

பத்திரத்தின் நகல், பட்டா, புலப்படம் (நில அளவைத் துறையின் எல்லைப் படம்) ஆகிய மூன்றையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அளந்து முடிக்கும்வரை அவற்றிலுள்ள எண்களைப் பார்க்க வேண்டாம். எதிர்பார்க்கும் எண் மனத்தில் இருந்தால், டேப்பைச் சற்று இழுத்தோ தளர்த்தியோ அந்த எண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கம் நம்மை அறியாமலே வந்துவிடும்.

புறப்படுமுன் டேப்பின் பூஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில டேப்புகளில் வளையத்தின் வெளி விளிம்பே பூஜ்ஜியம். சிலவற்றில் நாடாவின்மேல் சில அங்குலம் தள்ளிக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு முகத்தில் அடி, மறுமுகத்தில் மீட்டர் அச்சிட்ட டேப் என்றால், எந்த முகத்தைப் படிப்பது என்பதையும் மூவரும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

3. முதலில் படம், பிறகு டேப்

தாளில் மனையின் உருவத்தைக் கையால் வரையுங்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று குறியுங்கள். மூலைகளுக்குப் பெயர் கொடுங்கள்: வடமேற்கு க, வடகிழக்கு ச, தென்கிழக்கு ட, தென்மேற்கு த. இனி க-ச வடபுறம், ச-ட கீழ்புறம், ட-த தென்புறம், த-க மேல்புறம். க-ட, ச-த ஆகியவை மூலைவிட்டங்கள்.

பெயர் வைக்காமல் எண்களை மட்டும் வரிசையாக எழுதுவதுதான் முதன்முறை அளப்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட உட்காரும்போது 58 எந்தப் பக்கம், 60 எந்தப் பக்கம் என்பது மறந்துவிடுகிறது. மூன்று பக்கங்களைக் கொண்டு முக்கோணத்தின் பரப்பைத் தரும் ஹெரான் சூத்திரத்தில் எந்த மூன்று நீளங்கள் ஒரே முக்கோணத்தைச் சேர்ந்தவை என்பதே எல்லாம். அது மாறினால் விடையும் மாறிவிடும்.

மூலை என்பது எது என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். எல்லைக்கல் இருந்தால் அதன் நடுப்புள்ளி. மதில் இருந்தால், அது யாருடைய இடத்தில் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து வெளி விளிம்போ உள் விளிம்போ. வடபுறத்தில் வெளி விளிம்பு, தென்புறத்தில் உள் விளிம்பு என்று கலந்துவிட்டால் முக்கால் அடி அளவுக்குப் பிழை வரும்.

4. அளக்கும் வரிசை

முதலில் நான்கு மூலைகளிலும் முளை அடியுங்கள். அடுத்து நான்கு பக்கங்கள், அதன்பின் இரண்டு மூலைவிட்டங்கள். ஒவ்வொன்றையும் இருமுறை, இரண்டாம் முறை எதிர்முனையிலிருந்து தொடங்கி அளக்க வேண்டும். ஒரே முனையிலிருந்து இருமுறை அளந்தால், பூஜ்ஜியத்தைத் தவறாகப் பிடித்தவர் இருமுறையும் அதே தவறைச் செய்வார். இரண்டு அளவுகளும் ஓர் அங்குலத்துக்குமேல் வேறுபட்டால் மூன்றாம் முறை அளந்துவிடுங்கள்.

பக்கங்களை முடித்ததும் வெயிலைக் காரணம் காட்டி மூலைவிட்டத்தை நாளைக்குத் தள்ளிவைக்காதீர்கள். முளைகள் அதே இடத்தில் இருக்கும்போதே ஆறு அளவுகளும் எடுக்கப்பட்டிருந்தால்தான் அவை ஒன்றோடொன்று பொருந்தும்.

டேப் தொய்ந்தாலும், புதரைச் சுற்றி வளைந்தாலும், சரிவான தரையோடு படிந்து கிடந்தாலும் மூன்றுமே நீளத்தைக் கூட்டித்தான் காட்டும். இந்தப் பிழைகள் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்வதில்லை என்பதால் கவனம் தேவை. பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பு. தரை சரிவாக இருந்தால், டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து, தாழ்ந்த முனையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் புள்ளியைத் தரைக்கு இறக்கி, துண்டு துண்டாக அளந்து கூட்ட வேண்டும். 60 அடி நீளச் சரிவில் ஒரு முனை மற்றதைவிட 6 அடி உயர்ந்திருந்தால், பிதாகரஸ் தேற்றத்தின்படி கிடைமட்ட நீளம் √(60² − 6²), அதாவது 59.7 அடி. மூன்றரை அங்குல வேறுபாடு இது. லேசான மேடுபள்ளத்துக்கு இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டு மனையில் இப்படி அளந்ததில் க-ட 84 அடி, ச-த 62 அடி 6 அங்குலம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

5. அங்குலத்தைத் தசமமாக்குதல்

கணக்கைக் கெடுக்கும் தவறுகளில் மிகவும் பரவலானது இது. 62 அடி 6 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 62.6 என்று இடுகிறார்கள். ஓர் அடிக்கு 12 அங்குலம். எனவே 6 அங்குலம் என்பது அரை அடி, 62.5. அங்குலத்தை 12 ஆல் வகுத்து அடியோடு கூட்டுவதே முறை.

6 அங்குலத்தில் தவறு சிறிதாகத் தெரியும். 40 அடி 11 அங்குலத்தை 40.11 என்று எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: சரியான மதிப்பு 40.92. ஏறக்குறைய 10 அங்குலம் காணாமல் போய்விடும். எனவே அளக்கும் இடத்தில் அடி, அங்குலம் என்றே எழுதிக்கொண்டு, வீட்டில் தனிப் பத்தியில் தசமமாக மாற்றுங்கள். இரண்டும் கண்ணெதிரே இருந்தால் பிறர் சரிபார்ப்பதும் எளிது.

6. மூலைவிட்டத்தை நேராக அளக்க முடியாதபோது

மனையின் நடுவில் வீடோ, கிணறோ, அடர்ந்த கருவேல முள்ளோ இருந்தால் க-ட கோட்டில் டேப்பை இழுக்க முடியாது. அதற்காக, எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் சராசரி முறைக்குத் திரும்பிவிட வேண்டாம். ஒரு மூலையின் கோணத்தை டேப்பாலேயே பிடிக்கலாம்.

ச என்னும் மூலையில் நில்லுங்கள். அங்கிருந்து வடபுற எல்லைக்கோட்டில் 12 அடியில் ஒரு முளையும், கீழ்புற எல்லைக்கோட்டில் 12 அடியில் ஒரு முளையும் அடியுங்கள். அந்த இரு முளைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளங்கள். அதை இடைவெளி என்போம். பின்பு இந்தச் சூத்திரம்:

மூலைவிட்டம் = √[ (ஒரு பக்கம் − மறுபக்கம்)² + ஒரு பக்கம் × மறுபக்கம் × (இடைவெளி ÷ 12)² ]

நம் மனையில் இடைவெளி 20 அடி வந்தது என்று கொள்வோம். பக்கங்கள் 40, 60. வித்தியாசம் 20, அதன் வர்க்கம் 400. 20 ÷ 12 = 1.6667, அதன் வர்க்கம் 2.7778. 40 × 60 × 2.7778 = 6,666.7. இரண்டையும் கூட்ட 7,066.7. வர்க்கமூலம் 84.06 அடி. நேராக அளந்த 84 அடியோடு இது முக்கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போகிறது.

இது கோசைன் விதியின் மறுவடிவம்தான். கோணமானியோ அட்டவணையோ தேவைப்படாத உருவில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: இடைவெளியில் ஓர் அங்குலம் பிசகினால் மூலைவிட்டத்தில் நான்கு அங்குலம் பிசகுகிறது. ஆகவே இடம் இருந்தால் 12 அடிக்குப் பதில் 20 அல்லது 30 அடியில் முளை அடித்து, சூத்திரத்திலும் 12 இருக்கும் இடத்தில் அந்த எண்ணையே இடுங்கள். முளைகள் எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கின்றனவா என்பதை நூல்கயிறு கட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

7. ஹெரான் சூத்திரத்தில் இடுதல்

ஒன்பதாம் வகுப்பில் படித்த அதே சூத்திரம்தான். முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் அரைச்சுற்றளவு. பின்பு:

பரப்பு = √[ அரைச்சுற்றளவு × (அரைச்சுற்றளவு − முதல் பக்கம்) × (அரைச்சுற்றளவு − இரண்டாம் பக்கம்) × (அரைச்சுற்றளவு − மூன்றாம் பக்கம்) ]

க-ச-ட முக்கோணத்தின் பக்கங்கள் 40, 60, 84. கூட்டினால் 184, பாதி 92. கழித்தால் 52, 32, 8. பெருக்கினால் 92 × 52 × 32 × 8 = 12,24,704. வர்க்கமூலம் 1,106.66 சதுர அடி.

க-ட-த முக்கோணத்தின் பக்கங்கள் 84, 50, 58. கூட்டினால் 192, பாதி 96. கழித்தால் 12, 46, 38. பெருக்கினால் 96 × 12 × 46 × 38 = 20,13,696. வர்க்கமூலம் 1,419.05 சதுர அடி.

இரண்டையும் கூட்டினால் மனையின் பரப்பு 2,525.71 சதுர அடி.

பெருக்குவதற்கு முன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கழித்துக் கிடைத்த மூன்று எண்களைக் கூட்டினால் மீண்டும் அரைச்சுற்றளவே வர வேண்டும். 52 + 32 + 8 = 92; 12 + 46 + 38 = 96. வரவில்லையென்றால் கழித்தலில் தவறு, அல்லது பாதியாக்க மறந்துவிட்டீர்கள். மூன்றில் ஏதேனும் ஒன்று பூஜ்ஜியமாகவோ குறை எண்ணாகவோ வந்தால், அப்படி ஒரு முக்கோணமே இருக்க முடியாது. அளவைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள்.

இடையில் எங்கும் முழு எண்ணாக்க வேண்டாம். கடைசி விடையை மட்டும் சுருக்கினால் போதும்.

8. இரண்டாம் மூலைவிட்டத்தால் சரிபார்த்தல்

பலர் ஒரு மூலைவிட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்கிட அது போதும். ஆனால் அளவில் தவறு இருந்தால் காட்டிக்கொடுக்க எதுவும் இராது. இரண்டாவது மூலைவிட்டம் அதே மனையை வேறு இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. இரு வழியிலும் ஒரே விடை வந்தால் ஆறு அளவுகளையும் நம்பலாம்.

க-ச-த முக்கோணம்: 40, 58, 62.5. அரைச்சுற்றளவு 80.25. பரப்பு 1,129.46.
ச-ட-த முக்கோணம்: 60, 50, 62.5. அரைச்சுற்றளவு 86.25. பரப்பு 1,396.14.
மொத்தம் 2,525.60 சதுர அடி.

முதல் வழியில் 2,525.71. வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதன்று.

எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம்? இந்த மனையில் க-ட அளவு அரை அடி பிசகினால் பரப்பில் ஏறக்குறைய 14 சதுர அடி மாறுகிறது. ச-த அரை அடி பிசகினால் ஏறக்குறைய 10 சதுர அடி. ஆகவே இரு விடைகளுக்கும் இடையே 10 சதுர அடிக்குமேல் வேறுபாடு தெரிந்தால் எங்கோ அரை அடி அளவுக்குத் தவறு இருக்கிறது என்று கொண்டு மறுபடி அளப்பதே என் வழக்கம். வேறுபட்ட இரண்டு விடைகளைச் சராசரி எடுத்துச் சமாதானம் அடைய வேண்டாம். தவறான எண் ஒன்றைச் சரியான எண்ணோடு கலப்பதால் சரியான எண்ணும் கெட்டுப்போகும்.

ஒன்றைத்தான் அளக்க முடியும் என்ற நிலையில் குட்டையான மூலைவிட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது தரும் முக்கோணங்கள் பொதுவாக ஒல்லியாக இல்லாமல் பரந்திருக்கும். அளவுப் பிழை பரப்பைக் குறைவாகவே பாதிக்கும்.

9. சராசரி முறை ஏன் வாங்குபவருக்குப் பாதகமானது

விற்பனைப் பேச்சில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது: எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது. (40 + 50) ÷ 2 = 45. (60 + 58) ÷ 2 = 59. 45 × 59 = 2,655 சதுர அடி.

உண்மைப் பரப்பைவிட இது 129 சதுர அடி கூடுதல். சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,94,000 ரூபாய்க்கு இல்லாத நிலத்தை வாங்குகிறோம்.

இந்த முறை சில சமயம் கூட்டியும் சில சமயம் குறைத்தும் காட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியன்று. நான்கு மூலைகளும் மட்டமாக உள்ள செவ்வகத்தில் மட்டுமே அது சரியான விடை தரும். மற்ற எல்லா நாற்கரங்களிலும் கூட்டியே காட்டும். காரணம் எளிது: அடுத்தடுத்த இரு பக்கங்களுக்கு இடையே அமையும் முக்கோணத்தின் பரப்பு, அந்த மூலை செங்கோணமாக இருக்கும்போதுதான் உச்சத்தை அடைகிறது. சராசரிப் பெருக்கம் நான்கு மூலைகளையும் செங்கோணமாகவே எடுத்துக்கொள்கிறது. ஒரு மூலை விரிந்தாலும் சரி, குறுகினாலும் சரி, பரப்பு குறையத்தான் செய்யும். விற்பவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமலேயே இந்தத் தவறு அவருக்குச் சாதகமாக முடிகிறது.

மனை உண்மையிலேயே செவ்வகம்தானா என்று அறிய மூலைமட்டம் பார்க்கலாம்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்து, குறுக்கே 10 அடி வருகிறதா என்று பாருங்கள். குறைந்தது மூன்று மூலைகளில் அப்படி வந்தால் நீளத்தை அகலத்தால் பெருக்கினாலே போதும்.

10. நான்கு பக்கத்துக்கு மேற்பட்டவை, உள்வாங்கியவை, வளைந்தவை

ஐந்து பக்க மனைக்கு ஒரே மூலையிலிருந்து இரண்டு மூலைவிட்டம், மூன்று முக்கோணம். ஆறு பக்கத்துக்கு மூன்று மூலைவிட்டம், நான்கு முக்கோணம். முறை மாறுவதில்லை.

ஒரு மூலை உள்நோக்கி மடங்கியிருந்தால், மூலைவிட்டத்தை அந்த மூலையிலிருந்தே எடுங்கள். வேறு மூலையிலிருந்து எடுத்தால் கோடு மனைக்கு வெளியே போகும். அப்போது கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டியிருக்கும். பலர் அதை மறந்து கூட்டிவிடுகிறார்கள்.

வாய்க்கால் கரை போல ஒரு பக்கம் வளைந்திருந்தால், வளைவின் இரு முனைகளுக்கும் இடையே கயிறு கட்டி, கயிற்றில் 10 அடிக்கு ஒரு புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் செங்குத்தாக வளைவுவரை அளங்கள். முனைகளில் பூஜ்ஜியம், இடையில் 2.5, 4, 3 அடி என்றால், அவற்றின் கூட்டுத்தொகை 9.5, அதை 10 ஆல் பெருக்க 95 சதுர அடி. வளைவு வெளியே புடைத்திருந்தால் மொத்தத்தோடு கூட்டுங்கள். உள்ளே குழிந்திருந்தால் கழியுங்கள்.

11. சென்ட், ஏர், பட்டாவோடு ஒப்பிடுதல்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 2,525.7 ÷ 435.6 = 5.80 சென்ட். சராசரி முறையின் 2,655 சதுர அடி 6.10 சென்ட் ஆகும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி; எனவே இது 1.05 கிரவுண்டு. குழி, மா போன்றவை ஊருக்கு ஊர் வேறுபடுவதால், பேச்சில் அவை வந்தால் ஒரு குழிக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே கணக்கில் சேருங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அலகுகளில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076.39 சதுர அடி, 2.47 சென்ட். நம் மனை 2.35 ஏர், பட்டாவில் 0 ஹெக்டேர் 2.35 ஏர் என்ற அளவில் காணப்பட வேண்டும். ஏரையும் ஏக்கரையும் குழப்பிக்கொள்பவர்களைப் பல முறை கண்டிருக்கிறேன். ஒரு ஏக்கர் 100 சென்ட். ஏர் என்பது இரண்டரைச் சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு.

ஒப்பிடுமுன், பட்டாவிலுள்ள உட்பிரிவு எண்ணும் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். மனை ஒரு பெரிய உட்பிரிவின் பகுதியாகவோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால், பட்டாவின் பரப்பு உங்கள் மனைக்கு மட்டும் உரியதன்று. புலப்படத்தில் பக்க அளவுகள் எந்த அலகில் உள்ளன என்பதையும் கவனியுங்கள். மீட்டரில் இருந்தால் 3.2808 ஆல் பெருக்கி அடியாக்கலாம். சங்கிலி லிங்குகளில் இருந்தால் 100 லிங்க் 66 அடி. படத்தின்மேல் அளவுகோலை வைத்து நீளம் எடுப்பதைத் தவிருங்கள். நகலெடுக்கும்போது அளவுவீதம் மாறியிருக்கக்கூடும்.

உங்கள் கணக்கு பட்டாவைவிடக் குறைவாக வந்து, இரு மூலைவிட்டங்களும் ஒரே விடையைத் தந்தால், முன்பணம் கொடுக்குமுன் நில அளவையரைக் கொண்டு முறைப்படி அளக்கக் கோருங்கள். எல்லையை முடிவுசெய்யும் அதிகாரம் உங்கள் டேப் அளவுக்கு இல்லை. நீங்கள் எடுத்த ஆறு எண்களும் படமும் அந்த நாளில் எந்தப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும் என்று காட்ட உதவும். கூடுதலாக வந்தாலும் இதையே செய்யுங்கள். அக்கம்பக்கத்தாரின் நிலமோ புறம்போக்கோ வேலிக்குள் சேர்ந்திருக்கக்கூடும். அதற்கும் சேர்த்து விலை பேசியிருந்தால் பின்னால் வரும் தகராறு உங்கள் பெயரில்தான் வரும்.